தரைத்தளத்துப் பூனை: நகரக் குழந்தையின் தனிமையும் தெருவிலங்கின் துணையும்

துணையில்லாத குழந்தைக்கும் ஆளில்லாத பிராணிக்கும் இடையே உண்டாகும் பிணைப்பைப் பெருநகரங்களில் அன்றாடம் காணலாம். கோலாலம்பூரிலும் அதைச் சுற்றியுள்ள கிள்ளான் பள்ளத்தாக்கிலும் அது பெரும்பாலும் அடுக்குமாடியின் தரைத்தளத்தில் தொடங்குகிறது. மின்தூக்கிக்கு வெளியே, மோட்டார் சைக்கிள்கள் நிற்கும் கூரைக்குக் கீழே, குப்பைத்தொட்டிக்கும் ஒட்டுக்கடைக்கும் நடுவில் என்று அதற்கான இடங்கள் எல்லாருக்கும் தெரிந்தவையே. பிராணி பெரும்பாலும் பூனை. சில வட்டாரங்களில் நாய். குழந்தை தொடக்கப் பள்ளி வயதில் இருக்கும். பள்ளி விட்டு வந்தபின் பெற்றோர் வேலையிலிருந்து திரும்பும்வரை அதனிடம் பேச ஆளிருக்காது. முதலில் இரண்டும் தூரத்திலிருந்து பார்த்துக்கொள்ளும். பிறகு ரொட்டித் துண்டு, மீன் முள். கொஞ்ச நாளில் அந்தப் பூனைக்கு ஒரு பெயர் இருக்கும். பெரியவர்கள் இதை அழுக்கு என்றோ சிறுபிள்ளை விளையாட்டு என்றோ ஒதுக்கிவிடுகிறார்கள். கடந்த அறுபது ஆண்டுகளில் உளவியலும் விலங்கு நடத்தையியலும் கண்டறிந்தவற்றைப் படிப்பவர்கள் அப்படி ஒதுக்க மாட்டார்கள்.

தனிமை உணர்வு சுற்றிலும் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்ததன்று. நெருக்கமான அடுக்குமாடியில், மூன்று உடன்பிறப்புகளோடு ஓர் அறையில் படுக்கும் குழந்தையும் தனிமையில் வாடலாம். தனக்கு வேண்டிய உறவுக்கும் கிடைக்கும் உறவுக்கும் இடையே விழும் இடைவெளியைத்தான் ஆய்வாளர்கள் தனிமை என்கிறார்கள். சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஜான் கசியோப்போ இதை நீண்ட காலம் ஆராய்ந்தார். பசி உணவைத் தேடச் சொல்வது போலத் தனிமை துணையைத் தேடச் சொல்கிறது, அது உடல் எழுப்பும் எச்சரிக்கை என்பது அவர் முன்வைத்த கருத்து. அந்த எச்சரிக்கை நீண்ட நாள் ஓயாமல் இருந்தால் மூளை வேறு விதமாக வேலை செய்யத் தொடங்குகிறது. பிறர் முகத்தில் அன்பைவிட நிராகரிப்பையே முதலில் தேடுகிறது. சாதாரண கிண்டலும் தாக்குதலாகப் படுகிறது. தனிமையில் வாடும் குழந்தை மற்றப் பிள்ளைகளிடம் போகத் தயங்குவதற்கும், போனாலும் சட்டென்று கோபித்துத் திரும்புவதற்கும் இதுவே காரணம். தனிமை இப்படித் தன்னைத்தானே வளர்த்துக்கொள்கிறது.

உலக சுகாதார நிறுவனம் 2025இல் வெளியிட்ட அறிக்கை உலகில் ஆறில் ஒருவர் தனிமையால் பாதிக்கப்பட்டிருப்பதாகக் கூறியது. வளரிளம் பருவத்தினரிடம் அது இன்னும் அதிகம். மலேசிய சுகாதார அமைச்சு 2022இல் நடத்திய வளரிளம் பருவத்தினர் ஆய்விலும் இடைநிலைப் பள்ளி மாணவர்களில் ஏறக்குறைய ஆறில் ஒருவர், பெரும்பாலான நேரம் அல்லது எப்போதும் தனிமையாக உணர்வதாகச் சொன்னார்கள். நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை 2020 மார்ச் 18இல் தொடங்கியபின் பள்ளிகள் மாதக் கணக்கில் மூடிக் கிடந்ததையும், மாணவர்கள் அந்தக் காலத்தைக் கடந்து வந்தவர்கள் என்பதையும் இந்த எண்ணோடு சேர்த்தே பார்க்க வேண்டும்.

கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழ்க் குடும்பங்களுக்கு இதில் ஒரு தனி வரலாறு உண்டு. ஷா ஆலம் எழும்பிய நிலம் முன்பு சுங்கை ரெங்கம் என்று அறியப்பட்ட தோட்டப் பகுதி. புத்ராஜெயாவுக்காகப் பிராங் பெசார் முதலிய தோட்டங்கள் எடுக்கப்பட்டபோது, அங்கிருந்த தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் 1990களின் பிற்பகுதியில் டெங்கில் வட்டாரத்தின் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிகளுக்குக் குடியேற்றப்பட்டன. தோட்டத்து லயத்தில் வாசலைத் திறந்தால் மண் தரை; கோழி, ஆடு, சில வீடுகளில் மாடு, எந்த வீட்டுக்குச் சொந்தம் என்று யாரும் கேட்காத நாய்கள். அங்கே வளர்ந்த குழந்தைக்குப் பிராணியைத் தேடிப் போக வேண்டிய தேவையே இல்லை. பிரிக்பீல்ட்ஸில்கூட, ரயில்வே ஊழியர்களுக்காக 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டப்பட்ட ‘நூறு குவாட்டர்ஸ்’ வீடுகள் இருந்தவரை, ஒரு படி இறங்கினால் தெருவும் அதிலுள்ள பூனையும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. அந்த வீடுகள் இன்று இல்லை. கோலாலம்பூர் சென்ட்ரல் ரயில் நிலையத்தைச் சுற்றி மாடிக் கட்டடங்கள்தான் நிற்கின்றன.

இன்றைய ஏழைக் குடும்பத்தின் முகவரி பெரும்பாலும் ‘பிபிஆர்’ எனப்படும் மக்கள் வீடமைப்புத் திட்ட அடுக்குமாடி. மூன்று அறைகள், 650 முதல் 700 சதுர அடி, மாத வாடகை 124 வெள்ளி. பல கட்டடங்கள் பதினைந்து மாடிகளுக்கு மேல் உயர்ந்தவை. யுனிசெப் 2018இல் கோலாலம்பூர், பெட்டாலிங் ஜெயா மலிவுவிலை அடுக்குமாடிகள் 17இல் ஏறத்தாழ 2,100 குழந்தைகளை ஆய்வு செய்தது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 22% வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். 15% எடை குறைந்தவர்கள். தலைநகரின் நடுவில் வாழும் குழந்தைகளின் நிலை இது. இந்த வீடுகளில் பிராணி வளர்ப்பது எளிதன்று. அடுக்குமாடிச் சொத்து நிர்வாக விதிமுறைகள் 2015இல் வந்தன. அண்டை வீட்டாருக்குத் தொல்லை தரும் பிராணியை, நிர்வாகம் எழுத்து மூலம் அறிவித்த மூன்று நாட்களுக்குள் அகற்ற வேண்டும் என்கின்றன அவை. நாய்க்கு ஊராட்சி மன்றத்தின் உரிமம் வேண்டும். மலிவுவிலை அடுக்குமாடிவாசிக்கு அது கிடைப்பது அரிது. ஆகவே அங்கே வாழும் குழந்தைக்குத் தொட்டுப் பழகக் கிடைக்கும் பிராணி, பெரும்பாலும் யாருக்கும் சொந்தமில்லாத பிராணிதான்.

அந்தப் பிராணிகளில் பூனைதான் அதிகம் என்பதற்குப் பல காரணங்கள் உண்டு. இஸ்லாமிய மரபில் பூனை தூய்மையான பிராணி. நபிகளின் தோழர் ஒருவர் அபூ ஹுரைரா, அதாவது பூனைக்குட்டியின் தந்தை என்றே அழைக்கப்பட்டார். சூராவ் எனப்படும் தொழுகைக் கூடத்தின் படிக்கட்டிலும் மாமாக் கடை மேசைக்கு அடியிலும் பூனையை யாரும் விரட்டுவதில்லை. நாயின் எச்சில் பட்டால் கழுவித் தூய்மை செய்ய வேண்டும் என்ற விதி இருப்பதால், பல இனத்தவர் கலந்து வாழும் கட்டடங்களில் நாய்க்கு இடம் குறைவு. தெருநாய்களை அதிகமும் தொழிற்பேட்டைகளிலும் கட்டுமான இடங்களிலும், இந்திய, சீனக் குடும்பங்கள் வாழும் பழைய வீட்டு வரிசைகளிலும் காணலாம். சந்தையில் மீன் தலைகளும் கால்வாயில் எலிகளும் இருக்கும்வரை பூனைக்கு உணவுப் பஞ்சமில்லை. வேண்டாத குட்டிகளைப் பெட்டியில் போட்டுச் சந்தையோரம் விட்டுச் செல்லும் பழக்கமும் அவற்றின் எண்ணிக்கையைக் கூட்டுகிறது.

இந்தப் பூனைகளை ஒரு கணம் உற்றுப் பார்த்தால் பலவற்றின் வால் குட்டையாகவோ நுனியில் முடிச்சு விழுந்தாற்போல் வளைந்தோ இருப்பதைக் காணலாம். வாகனம் ஏறி முறிந்த வால் என்று குழந்தைகள் இரக்கப்படுவது உண்டு. உண்மையில் அது பிறப்பிலேயே வருவது. மலாய்த் தீவுக்கூட்டம், சயாம், பர்மா வட்டாரத்துப் பூனைகளின் இந்த வாலைச் சார்லஸ் டார்வின் 1868இல் வெளியான தம் நூலிலேயே குறிப்பிட்டிருக்கிறார். கரு வளரும்போது முதுகெலும்புக் கண்ணிகள் பிரிவதை நெறிப்படுத்தும் ‘எச்இஎஸ்7’ என்ற மரபணுவில் ஏற்பட்ட ஒரு மாற்றமே ஆசியப் பூனைகளின் குட்டை வாலுக்குப் பெரிதும் காரணம் என்று 2016இல் கண்டறியப்பட்டது. தரைத்தளத்தில் படுத்திருக்கும் அந்தப் பூனை இந்த மண்ணின் பல நூற்றாண்டு வம்சாவளியைத் தன் வாலில் வைத்திருக்கிறது.

எல்லாத் தெருப்பூனையும் குழந்தையிடம் வருவதில்லை. வருமா வராதா என்பது அதன் வாழ்வின் முதல் சில வாரங்களில் பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது. அமெரிக்காவின் டெம்பிள் பல்கலைக்கழகத்தில் எய்லீன் கார்ஷ் 1980களில் செய்த ஆய்வுகள், குட்டி பிறந்த இரண்டாம் வாரத்திலிருந்து ஏழாம் வாரம் வரையிலான காலத்தில் மனிதக் கை பட்டு வளர்ந்தால் பிற்காலத்தில் மனிதரை நாடும் என்று காட்டின. நாய்க்குட்டிக்கு இந்தக் காலம் மூன்றாம் வாரத்திலிருந்து பன்னிரண்டு, பதினான்காம் வாரம் வரை நீள்கிறது. அந்தக் காலத்தில் மனிதரையே பார்க்காமல் கால்வாய்க்குள் வளர்ந்த பூனை, பின்னர் எவ்வளவு மீன் போட்டாலும் ஓர் எல்லைக்கு மேல் நெருங்காது. எனவே காலில் உரசிக்கொண்டு வரும் தெருப்பூனை பெரும்பாலும் ஒரு காலத்தில் யார் வீட்டிலோ இருந்தது; அல்லது கடைக்காரர் கையில் சோறு தின்று வளர்ந்தது. குழந்தை அந்தப் பூனையைத் தேர்ந்தெடுக்கிறது என்று நினைக்கிறோம். மனிதரை முன்பே அறிந்த பூனையும் அதே அளவுக்குக் குழந்தையைத் தேர்ந்தெடுக்கிறது.

நம்பிக்கை எப்படி உண்டாகிறது என்பதற்கு இந்தியத் தெருநாய்களிடம் நடந்த ஆய்வு நல்ல விளக்கம் தருகிறது. கொல்கத்தாவில் உள்ள இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சிக் கழகத்தில் அனிந்திதா பத்ராவின் குழு, முன்பின் தெரியாத தெருநாய்களிடம் தொடர்ந்து சென்று சிலவற்றுக்கு உணவு கொடுத்தது, சிலவற்றின் தலையை வருடிக் கொடுத்தது. 2017இல் வெளியான முடிவு பலரை வியக்க வைத்தது. நாளடைவில் அதிக நம்பிக்கையோடு நெருங்கியவை வருடலைப் பெற்ற நாய்களே. காசில்லாத குழந்தைக்கு இதைவிட நல்ல செய்தி இருக்க முடியாது. தினமும் இறைச்சி வாங்கிப் போட வழியில்லாவிட்டாலும், தவறாமல் வருவதும் மென்மையாகத் தொடுவதும் போதும்.

பூனையிடம் கண்ணும் குரலும் பேசுகின்றன. மனிதர் கண்களை மெல்லச் சுருக்கி மூடித் திறந்தால் பூனையும் அப்படியே பதில் சொல்கிறது என்றும், அப்படிச் செய்தவரின் நீட்டிய கையை நாடி வருவது அதிகம் என்றும் இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வு 2020இல் காட்டியது. வளர்ந்த பூனைகள் தங்களுக்குள் ‘மியாவ்’ என்று அழைத்துக்கொள்வது அரிது. அந்தக் குரல் பெரும்பாலும் மனிதருக்கானது. அதே பல்கலைக்கழகத்தின் கேரன் மெக்கோம்ப் குழு 2009இல் இன்னொன்றையும் கண்டது. உணவு கேட்கும் பூனையின் ‘குர்ர்’ என்ற ஒலிக்குள், அழும் கைக்குழந்தையின் குரலை ஒத்த உயர்ந்த ஒலி ஒன்று கலந்திருக்கிறது. கேட்பவரால் அதைப் பொருட்படுத்தாமல் இருக்க முடிவதில்லை. பத்து வயதுப் பெண் பிள்ளை தன் பங்கு நெத்திலியைத் தாளில் மடித்துக் கீழே எடுத்துச் செல்வதில் அந்த ஒலிக்கும் பங்குண்டு.

இது பூனைக்கு வெறும் சோற்று உறவா என்ற கேள்வி பழையது. ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டின் விட்டாலேயும் குழுவினரும் அதைச் சோதித்தார்கள். கைக்குழந்தைக்கும் தாய்க்கும் உள்ள பிணைப்பை அறிய உளவியலார் கையாளும் முறையைப் பூனைக்குப் பொருத்தினார்கள். புதிய அறையில் வளர்ப்பவரோடு இரண்டு நிமிடம், தனியாக இரண்டு நிமிடம், திரும்பி வந்த வளர்ப்பவரோடு இரண்டு நிமிடம். பிணைப்பில் உறுதியுள்ள பூனை, ஆள் திரும்பியதும் ஒருமுறை உரசிவிட்டு, பதற்றம் நீங்கி அறையை ஆராயப் போய்விடும். உறுதியற்றது மடியை விட்டு இறங்காது அல்லது ஒதுங்கி நிற்கும். 2019இல் வெளியான முடிவின்படி குட்டிகளில் சுமார் 64% உறுதியான பிணைப்பைக் காட்டின. மனிதக் குழந்தைகளிடம் காணப்படும் விகிதமும் ஏறத்தாழ அதுவே. நாயைப் பொறுத்தவரை, வளர்ப்பவரும் நாயும் ஒருவரையொருவர் நோக்கியிருக்கையில் இருவர் உடலிலும் ஆக்ஸிடோசின் என்ற பிணைப்புச் சுரப்பு கூடுவதை ஜப்பானின் அசாபு பல்கலைக்கழகத்தில் மிஹோ நாகசாவா குழு 2015இல் பதிவு செய்தது. இந்த இரண்டு ஆய்வுகளும் வீட்டில் வளர்ந்த பிராணிகளிடம் நடந்தவை. தெருவிலங்குக்கு அவற்றை அப்படியே பொருத்துவது சரியாகாது. ஆனால் பிணையும் திறன் அந்த இனங்களுக்கே உரியது என்பது உறுதி.

குழந்தையின் பக்கம் என்ன நடக்கிறது? நியூயார்க் குழந்தை உளவியலர் போரிஸ் லெவின்சனுக்கு இது தற்செயலாகப் புலப்பட்டது. யாரிடமும் ஒட்டாத ஒரு சிறுவன் குறித்த நேரத்துக்கு முன்பே வந்துவிட, அறையில் படுத்திருந்த அவருடைய நாய் ஜிங்கிள்ஸ் எழுந்து போய் அவனை நக்கியது. சிறுவன் நாயோடு விளையாடினான், அதோடு பேசினான், பின்னர் நாய் வழியாக மருத்துவரோடும் பேசத் தொடங்கினான். லெவின்சன் 1961இல் அமெரிக்க உளவியல் சங்கக் கூட்டத்தில் இதைச் சொன்னபோது கேட்டவர்களில் சிலர் சிரித்தார்கள். இன்று மருத்துவமனைகளிலும் பள்ளிகளிலும் பிராணி வழிச் சிகிச்சை இருப்பதற்கு வித்திட்டது அந்த உரையும் அடுத்த ஆண்டு அவர் எழுதிய கட்டுரையும்தான்.

பிராணி ஏன் இதைச் செய்ய முடிகிறது என்பதற்குத் தனிமையின் இயல்பிலேயே விடை இருக்கிறது. நிராகரிப்பை எதிர்பார்த்துக் கூர்மையாகிவிட்ட மனம் மனித முகத்தைக் கண்டால் முதலில் காப்பு வேலி போடுகிறது. பூனையின் முகம் அந்த எச்சரிக்கையை எழுப்புவதில்லை. அதற்குத் தேர்வு மதிப்பெண் தெரியாது, எந்தப் பிள்ளையின் காலணி கிழிந்திருக்கிறது என்று தெரியாது, திக்கிப் பேசினாலும் அது பொறுமையிழப்பதில்லை. அதே சமயம் அது பொம்மையைப் போலச் சும்மா இருப்பதுமில்லை. அழைத்தால் காதைத் திருப்புகிறது, பிடிக்காவிட்டால் எழுந்து போகிறது. தன் செயலுக்கு இன்னோர் உயிர் பதில் செய்கிறது என்ற உணர்வு குழந்தைக்கு உணவு போலத் தேவையானது. நிக்கோலஸ் எப்லியும் கசியோப்போவும் பிறரும் 2008இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, தனிமை உணர்வு கூடியவர்கள் தங்கள் பிராணிகளுக்கு மனிதக் குணங்களை, அதிலும் ஆதரவு தரும் குணங்களை, அதிகம் ஏற்றிச் சொல்வதைக் காட்டியது. பூனை தன் கவலையைப் புரிந்துகொள்கிறது என்று சொல்லும் குழந்தை பொய் சொல்லவில்லை. அதன் மனம் துணையைத் தேடும் வழி அது.

தொடுதலுக்குத் தனியான உடற்கூறும் உண்டு. முடி முளைக்கும் தோலில், மெதுவான வருடலுக்கென்றே அமைந்த மெல்லிய நரம்பிழைகள் இருக்கின்றன. வினாடிக்கு ஒன்று முதல் பத்து சென்டிமீட்டர் வேகத்தில் நடக்கும் வருடலுக்கு அவை நன்றாகக் கிளர்ச்சியடைகின்றன என்று ஸ்வீடன் ஆய்வாளர்கள் 2009இல் காட்டினார்கள். முழங்கையில் உரசும் பூனையும் மடியில் தூங்கும் பூனையும் தருவது இத்தகைய தொடுதலே. ஆண்ட்ரியா பீட்ஸும் குழுவினரும் 2012இல் வெளியிட்ட ஆய்வில், பெற்றோரிடம் உறுதியான பிணைப்பு அமையாத சிறுவர்களை, பிறர் முன்னிலையில் பேசுவது, கணக்குப் போடுவது போன்ற பதற்றமான வேலைகளில் ஈடுபடுத்தினார்கள். சிலருக்குப் பக்கத்தில் நாய், சிலருக்கு அன்பான பெரியவர், சிலருக்கு நாய்ப் பொம்மை. எச்சிலில் அளந்த கார்ட்டிசால், அதாவது பதற்றச் சுரப்பு, நாய் இருந்தவர்களுக்கே குறைவாக இருந்தது. எவ்வளவு அதிகமாக நாயைத் தடவினார்களோ அவ்வளவு குறைந்தது. மனிதரிடம் நம்பிக்கை குறைந்த குழந்தைக்கு அன்பான மனிதரைவிட நாய் அதிகம் உதவியது என்பதுதான் இந்த ஆய்வின் கனமான செய்தி. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் 2017இல் வெளியிட்ட இன்னோர் ஆய்வில் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள், உடன்பிறந்தாரோடு உள்ள உறவைவிடத் தங்கள் பிராணியோடு உள்ள உறவில் நிறைவு கூடுதல் என்றும் சண்டை குறைவு என்றும் சொன்னார்கள்.

இந்த முடிவுகளை அளவுக்கு மீறி நீட்டிவிடக் கூடாது. கலிபோர்னியாவில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் தகவல்களை ராண்ட் ஆய்வு நிறுவனம் 2017இல் அலசியது. பிராணி உள்ள வீட்டுக் குழந்தைகள் உடல்நலத்திலும் மனநலத்திலும் சற்று மேலாகத் தெரிந்தார்கள். ஆனால் குடும்ப வருமானம், வீட்டு வசதி போன்றவற்றைக் கணக்கில் எடுத்ததும் அந்த வேறுபாடு மறைந்துவிட்டது. பிராணியோடு இருக்கும் நேரத்தில் பதற்றம் தணிகிறது என்பதற்கு வலுவான சான்று உண்டு. அது ஆண்டுக் கணக்கில் குழந்தையின் தனிமையைத் தீர்த்துவிடும் என்பதற்கு அவ்வளவு வலு இல்லை. தீர்க்கும் வழி ஒன்று உண்டென்றால் அது பிராணி கொண்டுவந்து சேர்க்கும் மனிதர்களே. இங்கிலாந்தில் ஜூன் மெக்நிக்கலஸும் கிளின் காலிஸும் 2000இல் வெளியிட்ட ஆய்வில், பக்கத்தில் நாய் இருந்தால் முன்பின் தெரியாதவர்கள் வந்து பேசுவது பன்மடங்கு கூடியது. தரைத்தளத்திலும் அதைப் பார்க்கலாம். பூனை எங்கே என்று கேட்கும் ஒட்டுக்கடை அக்கா, குட்டிகளைப் பார்க்க வரும் எட்டாவது மாடி மலாய்ச் சிறுமி, பாதுகாவலராக வேலை செய்யும் நேப்பாளி. குழந்தைக்கு முன்பு யாருமில்லாத இடத்தில் இப்போது மூன்று பேர் இருக்கிறார்கள். பெற்றோர் கண்டிக்கும் முன் இதைக் கவனித்துப் பார்க்க வேண்டும்.

பயப்பட வேண்டியவற்றையும் தெளிவாகச் சொல்ல வேண்டும். மலேசியா 2012இல் வெறிநாய்க்கடி நோயற்ற நாடாக அறிவிக்கப்பட்டது. 2015இல் பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களில் நோய் தலைகாட்டியது. 2017இலிருந்து சரவாக்கில் அது பல உயிர்களைப் பறித்துவிட்டது. நாயோ பூனையோ கடித்தாலோ பிறாண்டினாலோ, காயத்தை உடனே ஓடும் நீரிலும் சோப்பிலும் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும். திட்டு விழும் என்று பயந்து குழந்தை கடியை மறைப்பதுதான் மிகப் பெரிய ஆபத்து. ஆகவே சொன்னால் யாரும் கோபிக்க மாட்டார்கள் என்ற உறுதியை முன்கூட்டியே கொடுத்து வைக்க வேண்டும். பூனைக்கடி வெளியே ஊசிக் குத்து போலத் தெரிந்தாலும் உள்ளே ஆழமாகச் சீழ் பிடிக்கும்.

மலேசியப் பூனைகளிடம் கவனிக்க வேண்டிய இன்னொன்று ‘ஸ்போரோத்ரிக்ஸ்’ என்ற பூஞ்சை. மூக்கிலும் முகத்திலும் பாதத்திலும் ஆறாத புண்ணோடு திரியும் பூனையைத் தொடக் கூடாது. அதன் நகக்கீறல் வழியாக மனிதருக்கும் தோல் புண் வரும், மருந்து மாதக் கணக்கில் தேவைப்படும். அதைவிடச் சாதாரணமாக வருவது படர்தாமரை. பெரும்பாலும் களிம்பு தடவினால் போய்விடும். கர்ப்பிணிகளை அச்சுறுத்தும் டாக்சோபிளாஸ்மா கிருமி பூனையின் மலத்தில் வெளிவருவது, பூனையைத் தடவுவதால் வருவது குறைவு. வீட்டில் கர்ப்பிணி இருந்தால் குழந்தை மணலில் விளையாடிவிட்டு வந்ததும் கை கழுவுவது கட்டாயம். தூங்கும், தின்னும், குட்டிக்குப் பால் கொடுக்கும் பிராணியைத் தொடாமல் இருக்கவும், கையை நீட்டிக் காத்திருந்து பிராணி தானாக வந்தால் மட்டும் தொடவும் பழக்கிவிட்டால் பெரும்பாலான கடிகளைத் தவிர்க்கலாம்.

பரிவோடு உணவு வைப்பது மட்டும் பூனைக்குப் போதாது. பூனையின் இனப்பெருக்கம் பகலின் நீளத்தைப் பொறுத்தது. குளிர்நாடுகளில் பகல் குறையும் மாதங்களில் அது ஓய்கிறது. கோலாலம்பூர் நிலநடுக்கோட்டுக்கு மூன்று பாகை வடக்கே இருக்கிறது. இங்கே ஆண்டு முழுவதும் பகலின் நீளம் அரை மணி நேரம்கூட மாறுவதில்லை. ஆகவே பெண் பூனைக்கு ஓய்வுக் காலமும் இல்லை. நான்கைந்து மாதத்திலேயே சினைப்படத் தொடங்கி, ஒன்பது வாரத்தில் ஈன்று, குட்டிகள் பால் மறந்ததும் மீண்டும் சினைப்படுகிறது. அதற்காகத்தான் விலங்கு நல அமைப்புகள் தெருப்பூனைகளைப் பிடித்துக் கருத்தடை செய்து அதே இடத்தில் திரும்ப விடுகின்றன. காதின் நுனி சிறிது வெட்டப்பட்டிருந்தால் அது கருத்தடை ஆன பூனை என்று பொருள். அந்த அடையாளத்தைக் குழந்தைகளுக்குச் சொல்லிக் கொடுத்தால், எந்தப் பூனைக்கு இன்னும் ஆகவில்லை என்று அவர்களே சொல்லிவிடுவார்கள். ஒரு கட்டடத்தின் பூனைகளை அவர்கள் அளவுக்கு அறிந்தவர் வேறு யாரும் இல்லை. பிராணிகளுக்குச் சட்டப் பாதுகாப்பும் உண்டு. விலங்கு நலச் சட்டம் 2015, 2017 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. பிராணியைக் கொடுமை செய்வோருக்கு இருபதாயிரம் முதல் ஒரு லட்சம் வெள்ளி வரை அபராதமோ மூன்றாண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்க அது இடம் தருகிறது.

இந்தப் பிணைப்பில் கடினமான பகுதி, அது எப்போது வேண்டுமானாலும் முறியலாம் என்பது. தெருவிலங்கின் ஆயுள் குறைவு. மேற்கு வங்கத்தில் பத்ராவின் குழு பின்தொடர்ந்த தெருநாய்க் குட்டிகளில் ஏழு மாதம் வரை பிழைத்தவை 19% மட்டுமே. இறப்புகளில் 63% மனிதர்களால் நேர்ந்தவை, வாகனத்தில் அடிபட்டோ விஷத்தாலோ அடித்துக் கொல்லப்பட்டோ. கிள்ளான் பள்ளத்தாக்கில் அதே ஆபத்துகளோடு ஊராட்சி மன்றத்தின் நாய் பிடிக்கும் வண்டியும் சேர்கிறது. சில நேரம் போய்விடுவது குழந்தையே. வாடகை கட்ட முடியாமலோ வேலை மாறியோ குடும்பம் செந்தூலிலிருந்து கிள்ளானுக்குப் பெயர்ந்துவிடும், பூனையைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை.

பிறர் அங்கீகரிக்காத துயரத்தைப் பற்றி அமெரிக்க ஆய்வாளர் கென்னத் டோக்கா 1989இல் எழுதினார். இழந்தவர் வருந்துகிறார், ஆனால் வருந்த அவருக்கு உரிமை இருப்பதாகச் சுற்றியிருப்போர் ஒப்புக்கொள்வதில்லை. வீட்டில் வளர்த்த நாய் செத்தால் அக்கம்பக்கத்தார் ஒரு வார்த்தை கேட்பார்கள். தெருப்பூனை செத்தால், அது உன்னுடையதா என்பதே முதல் கேள்வியாக வருகிறது. குழந்தையின் பேச்சு அதோடு நின்றுவிடும். பழைய தனிமை திரும்பி வருவதோடு, இப்போது சொல்லிக்கொள்ள முடியாத ஒரு துக்கமும் சேர்கிறது. பெற்றோருக்கே தெரியாமல் நடந்த நட்பென்றால், பிள்ளை ஏன் சில நாளாகச் சாப்பிடவில்லை என்பதும் தெரியாமல் போகும்.

இறந்த உயிர் திரும்பாது, அதன் உடல் இனி எதையும் உணராது, எல்லா உயிருக்கும் இது நேரும் என்ற மூன்றையும் பெரும்பாலான குழந்தைகள் ஐந்து முதல் ஏழு வயதுக்குள் புரிந்துகொள்கிறார்கள். ஆகவே தொடக்கப் பள்ளிப் பிள்ளையிடம், பூனை தூங்கிவிட்டது, ஊருக்குப் போய்விட்டது என்றெல்லாம் சொல்ல வேண்டியதில்லை. அப்படிச் சொன்னால் அது மாதக் கணக்கில் தேடிக்கொண்டிருக்கும். செத்துவிட்டது என்று நேராகச் சொல்லலாம். எப்படிச் செத்தது என்று கேட்டால், கேட்ட அளவுக்கு உண்மையைச் சொல்லலாம். காணாமல் போன பிராணி என்றால், தெரியவில்லை என்று சொல்லி, ஒட்டுக்கடையிலும் பாதுகாவலரிடமும் குழந்தையோடு சேர்ந்து போய் விசாரிக்கலாம். தன்னால்தான் இப்படி ஆனதோ, அன்று சோறு வைக்காததால்தானோ என்ற எண்ணம் இந்த வயதில் சகஜம்; அதைக் கேட்டறிந்து மறுத்துச் சொல்ல வேண்டும். வீடு மாறுவதாக இருந்தால் ஒரு வாரம் முன்பே குழந்தையிடம் சொல்லி, பூனைக்கு யார் சோறு வைப்பார்கள் என்பதை அதே மாடிகளில் உள்ள ஒருவரிடம் பேசி முடிவு செய்துவிட்டுப் போவது நல்லது.